என் ஸ்ப்ரே கன்னைப் பிடுங்கிக்கொண்ட டிங்கர்

வண்டிக்குப் பெயிண்ட் அடிக்க வந்திருக்கும் தம்பிகளே, நம் பெயிண்டர் சங்கத்துக்காரர்கள் என்னைக் கேட்டது வேறு. "அண்ணே, கண்ணாடி மாதிரி பினிஷிங் எப்பிடிக் கொண்டாரதுன்னு பயலுகளுக்கு நாலு பக்கம் எழுதிக் குடுங்க" என்றார்கள். பினிஷிங் இப்போது செல்போனில் கொட்டிக் கிடக்கிறது. நான் வருஷக்கணக்கில் திட்டு வாங்கிக் கற்றதை நீங்கள் டீ குடிக்கிற நேரத்தில் பார்த்து முடித்துவிடுகிறீர்கள். அதற்கு நான் எதற்கு? செல்போனில் இல்லாத ஒன்றை எழுதுகிறேன். கேட்கப் பிடிக்காதவர்கள் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு தேய்க்கப் போகலாம். கோபித்துக்கொள்ள மாட்டேன். கொஞ்சம் கோபித்துக்கொள்வேன்.

இன்றைக்கு நான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன் என்றால் அது ஒரு டிங்கர் எனக்குப் போட்ட உயிர்ப் பிச்சை. வண்டியில் விழுந்த ஒடுக்கைத் தட்டி நிமிர்த்துகிற டிங்கர்தான். தன் பெயரை எழுதக் கூடாது என்று அவரே சொல்லிவிட்டார். "பேரப் போட்டேன்னா ஒங்கூடப் பேசமாட்டேன் மாப்ள" என்றார். ஆகையால் மாமா என்றே எழுதுகிறேன். உத்தமபாளையத்து ராவுத்தர் வீட்டுப் பிள்ளை அவர், எனக்கு எந்த வழியிலும் சொந்தமில்லை. ஆனால் நம் பக்கத்தில் மாமன், மச்சான் என்று கூப்பிடுவதற்குச் சொந்தம் எதற்கு?

நாங்கள் வேலை பார்த்தது கம்பத்துக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவில், மெயின் ரோட்டோரம் ஒரு பட்டறையில். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப், சபரிமலை சீசனுக்கு ஓடுகிற வேன், எஃப்.சி. சர்ட்டிபிகேட் வாங்க நிற்கிற மினி பஸ் என்று எந்நேரமும் வண்டி நிற்கும். மாமா வெளியே வேப்பமரத்தடியில் தகடு தட்டுவார். நான் உள்ளே, பெயிண்ட் செட்டுக்குள் அடிப்பேன்.

அந்தச் செட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் பள்ளத்தாக்கில் ஆனி, ஆடியில் அடிக்கிற காற்று உங்களுக்கே தெரியும். கொடியில் காயப்போட்ட வேட்டியைப் பக்கத்துத் தோப்பில்தான் போய்த் தேட வேண்டும். காற்றோடு தூசி வரும், தூசியோடு சாரல் வரும். ஈரப் பெயிண்டில் ஒரே ஒரு தூசி உட்கார்ந்துவிட்டால், வண்டிக்காரர் கண்ணுக்கு அந்தத் தூசி மட்டும்தான் தெரியும். அதனால் எங்கள் முதலாளி செட்டுக்கு ஷட்டர் போட்டார். ஷட்டருக்கும் தரைக்கும் நடுவில் இருக்கிற சந்தில் நனைத்த சாக்கைச் சுருட்டித் திணிப்போம். ஜன்னல் இடுக்குகளைப் பழைய பேப்பர் ஒட்டி அடைப்போம். காற்றுப் புகாத செட் என்றால் தேனி வரைக்கும் எங்கள் பட்டறைக்குத்தான் பேர். அந்தப் பேரில் எனக்குத்தான் பெருமை அதிகம். சாக்கைத் திணிக்கிற வேலையை வேறு யாரிடமும் விடமாட்டேன்.

தூசி உள்ளே வர முடியாத இடத்திலிருந்து புகை மட்டும் எப்படி வெளியே போகும்? அதை ஒருத்தரும் யோசிக்கவில்லை. ஸ்ப்ரே கன்னை அழுத்திக் கொஞ்ச நேரத்தில் எதிரில் நிற்கிற வண்டியே மங்கிவிடும். முகத்தில் ஒரு கர்ச்சீப் கட்டியிருப்பேன். அது பெயிண்ட் துளியைத் தடுக்கும், தின்னர் ஆவியைத் தடுக்காது என்பது அப்போது தெரியாது. தின்னர் கேனில் வரும், அதில் என்ன இருக்கிறது என்று எழுதியிருக்காது. வேலை முடிந்ததும் அதையே உள்ளங்கையில் ஊற்றி முழங்கை வரைக்கும் கழுவுவோம். சோப்புப் போட்டுக் கழுவுகிறவனைப் புது மாப்பிள்ளை என்று கேலி செய்வோம். தின்னர் வாசனைக்கு மூக்கைப் பொத்துகிறவன் பெயிண்டரே இல்லை என்று பேசிக்கொள்வோம்.

அப்புறம் பால் பழம். முதலாளி நல்ல மனுஷன். ஒரு கோட் பெயிண்ட் அடித்து முடித்து வெளியே வந்தால் பெரிய டம்ளரில் பால், ரெண்டு வாழைப்பழம், ஒரு துண்டு வெல்லம் தயாராக இருக்கும். பால் தின்னரை முறித்துவிடும், பழம் அதை இறக்கிவிடும், வெல்லம் நெஞ்சில் ஒட்டியதைச் சுத்தம் செய்துவிடும் என்பது பெயிண்டர்களுக்கெல்லாம் வேதவாக்கு. "கல்யாண மாப்பிள்ளைக்கே ஒரு நாள்தேன் பால் பழம், நமக்குத் தெனமும்" என்று சிரித்துக்கொண்டே குடிப்போம். என்றைக்காவது பால் வரத் தாமதமானால் நான் கன்னைத் தொடமாட்டேன். அவ்வளவு ஜாக்கிரதை! இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. பால் காப்பாற்றும் என்ற தைரியத்தில்தான் நான் ஷட்டரைத் திறக்காமலே இருந்தேன்.

முதலில் வந்தது அசதி. சைக்கிளில் ஒரு மேடு ஏறினால் மூச்சு வாங்கியது. பல் விளக்கினால் ரத்தம் வந்தது. கையிலும் தொடையிலும் நீல நீலமாகத் தடம் விழுந்தது. எங்கேயாவது இடித்திருப்பேன் என்று விட்டுவிட்டேன். என் மனைவிதான், "இடிச்சா இடிச்ச எடம் வலிக்கணும்ல? உங்களுக்கு ஏன் வலிக்கல?" என்று கேட்டாள். அவளே சின்னமனூரில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

என்ன வேலை என்று டாக்டர் கேட்டார். "பெயிண்டர்" என்றேன். வீட்டுக்கு வெள்ளையடிக்கிறவன் என்று நினைத்திருப்பார். ரத்தம் குறைவாக இருக்கும்போலத் தெரிகிறது என்று மாத்திரை கொடுத்து, ரத்த டெஸ்ட் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். நான் எடுக்கவில்லை. ஐப்பசி பிறந்துவிட்டது, வண்டிகள் வரிசையில் நின்றன. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

தம்பிகளே, டாக்டரிடம் போனால் பெயிண்டர் என்று ஒற்றை வார்த்தையில் முடித்துவிடாதீர்கள். மூடின செட்டுக்குள் கன்னில் அடிக்கிறேன், இத்தனை வருஷமாக அடிக்கிறேன், தின்னரில் கை கழுவுகிறேன் என்று கதை மாதிரிச் சொல்லுங்கள். அவருக்கு நேரமில்லை என்றாலும் சொல்லிவிட்டு எழுந்திருங்கள்.

அந்த ஐப்பசியில் சுருளிப்பட்டிக்காரர் ஒருவருடைய வேன் எங்களிடம் நின்றது. கார்த்திகை பிறந்தால் மாலை போட்ட சாமிகள் வந்துவிடுவார்கள், அதற்குள் வண்டி ரோட்டில் இருக்க வேண்டும். திராட்சை விவசாயத்தில் அடி வாங்கி அந்த ஒரு வேனை நம்பியிருந்த மனுஷர். தினமும் வந்து வாசலில் நிற்பார். அன்றைக்கும் நின்றார். நல்ல மழை. ஷட்டரை இறக்கி, சாக்கைத் திணித்து, வெள்ளையில் கடைசிப் பூச்சை ஆரம்பித்தேன்.

பக்கவாட்டுத் தகட்டில் பாதி முடிந்திருந்தது. வெள்ளையில் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. முந்தைய வண்டிக்கு அடித்த சிவப்பு கன்னில் மிச்சம் இருக்கிறது என்று நினைத்து என்னை நானே வைதுகொண்டேன். துடைக்கக் குனிந்தால் இன்னும் ரெண்டு சொட்டு விழுந்தது. கர்ச்சீப்பை அவிழ்த்துப் பார்த்தேன், சொதசொதவென்று நனைந்திருந்தது. என் மூக்கிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மூக்கில் பஞ்சை அடைத்துக்கொண்டு மறுபடியும் கன்னை எடுத்தேன். நடுவில் நிறுத்தினால் காய்ந்த இடத்துக்கும் ஈரத்துக்கும் நடுவில் கோடு விழும், தகடு முழுவதையும் தேய்த்துத் திரும்ப அடிக்க வேண்டும். அந்த நேரத்தில் எனக்கு அந்தக் கோடுதான் பெரிதாகத் தெரிந்தது.

உள்ளே வைத்திருந்த ட்ரில் மிஷினை எடுக்க மாமா ஷட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். "மூடுங்க மாமா, சாரல் அடிக்குது!" என்று கத்தினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். வெளியே போனார். கன்னுக்குக் காற்றுத் தருகிற கம்ப்ரசர் நின்றது. திரும்ப வந்தார்.

"கன்னைக் கீழ வையி மாப்ள."

"இன்னும் கொஞ்சந்தேன் மாமா. கோடு விழுந்துரும். கம்ப்ரசரப் போடுங்க."

"விழுந்தா விழுகட்டும். மூஞ்சிய எதுலயாச்சும் பாத்தியா? சுண்ணாம்பு கணக்கா வெளுத்துப் போயிருக்க. மூக்குல என்னா பஞ்சு?"

"சூட்டுக்கு வாரது. பால் குடிச்சாச் சரியாப் போயிரும்."

"கையில நீலம் நீலமா இருக்கே, அதுவும் சூடா?"

நான் கம்ப்ரசரைப் போடப் போனேன். அவர் என் கையிலிருந்த கன்னைப் பிடுங்கினார். பின்பக்கத்துத் திருகைக் கழற்றி, உள்ளே இருந்த ஊசியை உருவித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஊசி இல்லாத கன்னில் பெயிண்ட் அடிக்க முடியாது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சத்தம் கேட்டு முதலாளி ஓடிவந்தார், வேன்காரரும் வந்தார். "சீசன் நேரத்துல என்னாப்பா இது?" என்றார் முதலாளி. "சாமிமாரு வந்து கேட்டா நான் என்னா சொல்லுவேன்?" என்று வேன்காரர் தலையில் கைவைத்தார்.

"சாமிமாருக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றார் மாமா. "இவனக் கம்பத்துக்குக் கூட்டிட்டுப் போயி ரத்தம் பாத்துட்டு வாரேன். அதுவரைக்கும் வேனு இங்கனயே நிக்கட்டும்."

நனைந்துகொண்டே பைக்கில் போனோம். லேபில் இருந்த அம்மா ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டு ரிசல்ட்டோடு தானே வெளியே வந்தார். "ரத்தத்துல எல்லா அணுவுமே ரொம்பக் கொறஞ்சு கெடக்கு. இன்னைக்கே மதுரைக்குப் போங்க, நாளைக்கின்னு தள்ளாதீங்க" என்றார். என் மனைவிக்குப் போன் செய்து வரவழைத்து, மூன்று பேருமாகப் பஸ் ஏறினோம். வழியெல்லாம் நான் தகட்டில் விழுந்த அந்தக் கோட்டைப் பற்றியே புலம்பிக்கொண்டு வந்ததாக அவள் இன்னும் சொல்லிக் காட்டுவாள்.

மதுரையில் பார்த்த டாக்டரம்மா பெயிண்டர் என்றதோடு விடவில்லை. எங்கே வைத்து அடிப்பீர்கள், கதவு திறந்திருக்குமா, கையை எதில் கழுவுவீர்கள் என்று கேட்டுக்கொண்டே போனார். நான் முழித்தபோதெல்லாம் மாமாதான் பதில் சொன்னார். அப்புறம் இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்துப் பார்த்தார்கள். ரத்தம் ஊறுகிற இடமே அதுதானாம். என்னுடையது ஊற்று வற்றின கிணறு மாதிரிக் கிடந்தது.

"தின்னர், பெட்ரோல் இதுலெல்லாம் பென்சீன்னு ஒண்ணு இருக்கலாம்" என்றார் டாக்டரம்மா. "வருஷக்கணக்கா சுவாசிச்சா மஜ்ஜை கெட்டுப்போகும். சில பேருக்கு அது ரத்தப் புற்றுநோயா மாறிடுது. எல்லாருக்கும் மாறும்னு சொல்லலை. உங்களுக்கு இதுதான் காரணம்னு சத்தியம் பண்ணியும் சொல்ல முடியாது. இப்ப வரைக்கும் புற்றுநோய் இல்லை. ஆனா நீங்க வாசப்படியில நிக்கிறீங்க. இனிமே அந்தப் புகை உங்க மேல படக் கூடாது."

நான் கேட்டேன்: "ஒரு நாள் விடாமப் பால் குடிச்சேனே டாக்டர்?"

அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரைக் கையெடுத்துக் கும்பிடுவேன். "பால் வயித்துக்குப் போகுது. புகை மூச்சு வழியா ரத்தத்துக்குப் போகுது. கை கழுவுனது தோல் வழியாப் போகுது. பாலும் அதுவும் எங்கயும் சந்திக்கவே இல்லையேப்பா" என்றார்.

ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது, திரும்பத் திரும்ப. மாமாவின் தெருப் பையன்கள் உத்தமபாளையத்திலிருந்து முறை வைத்து வந்து ரத்தம் கொடுத்தார்கள். அவர்கள் பெயர்கூட எனக்கு முழுதாகத் தெரியாது. "இப்ப என் ஒடம்புல பாதி ஒங்க தெரு ரத்தம் மாமா" என்றேன். "அப்ப வார ரம்ஜானுக்கு நோன்புக் கஞ்சி கேக்காமலே வந்து குடிக்கலாம்" என்றார். நான் ஆஸ்பத்திரியில் படுத்த நாளிலிருந்து என் மனைவி அன்றைக்குத்தான் முதல்முறை சிரித்தாள்.

மாதங்கள் போயின. மருந்தும் ஓய்வும் புகை படாததும் சேர்ந்து, அணுக்கள் மெல்ல மெல்ல ஏறின. எல்லாருக்கும் இப்படித் திரும்பி வருவதில்லை என்று டாக்டரம்மாவே சொன்னார். இன்றுவரைக்கும் மதுரைக்குப் போய் ரத்தம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். நீங்களும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது பாருங்கள். அசதி வந்த பிறகு பார்ப்பது ரொம்பத் தாமதம்.

உடம்பு தேறியதும் எனக்குக் கை துறுதுறுத்தது. தெரிந்த தொழில் அது ஒன்றுதான். பட்டறைக்குப் போனேன். வேப்பமரத்தடியில் மாமா இல்லை. "அவுக சொந்தமாப் பட்டறை போட்டுப் போயிட்டாகண்ணே" என்றார்கள் அங்கிருந்த பையன்கள். எனக்குச் சுருக்கென்றது. ஆஸ்பத்திரிக்கு வந்தபோதெல்லாம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று வீட்டுக்குப் போகிற வழியிலேயே போன் போட்டேன்.

"என் சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டு நீங்க மட்டும் மொதலாளி ஆயிட்டீகளா மாமா? ஊசியக் குடுத்திருங்க. நான் என் பொழப்பப் பாத்துக்கிறேன்."

அவர் முழுவதையும் கேட்டார். "சாப்புட்டியா மாப்ள?" என்றார். நான் போனை வைத்துவிட்டேன்.

கடையில் புது ஊசி வாங்கலாம்தான். வாங்கப் போவதாக வீட்டிலும் சொல்லிவிட்டேன். என் மனைவி என்னோடு சண்டை போடவில்லை, நேராக முதலாளிக்குச் சொல்லி அனுப்பிவிட்டாள். மறுநாள் முதலாளி வீட்டுக்கு வந்தார். கொடுத்த மோரைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"ஒங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு ஒங்க மாமன் சொன்னாக. சொல்லாமலும் இருக்க முடியல" என்று ஆரம்பித்தார். "ஒன்னய மதுரையில விட்டுட்டு ஒங்க மாமன் திரும்புன மறுநாள் அந்த வேன முடிக்க வேற ஒரு பெயிண்டரக் கூட்டியாந்தேன். பச்சப் புள்ளைக்காரன். ஷட்டர எறக்கச் சொன்னேன். ஒங்க மாமன் வந்து ஷட்டருக்கு நேரா கீழ ஒக்காந்துக்கிட்டாக, மழையில. 'அவன் உள்ள கெடந்து பட்டது போதும், இன்னொருத்தனையும் இதுக்குள்ள போட்டு மூட விடமாட்டேன்'னாக. எனக்கு வேன்காரன் நெருக்கடி. கோவத்துல, 'நாளைலருந்து வராதீக'ன்னுட்டேன். சுத்தியல எடுத்துக்கிட்டுப் போயிட்டாக."

மோரைக் கீழே வைத்தார். "ஒன் ரிப்போர்ட்டப் பாத்த பெறகுதேன் எனக்கு ஒறச்சுச்சு. ஷட்டரக் கழட்டிப்புட்டேன். புகைய வெளிய இழுக்குற பேன் போட்டாச்சு. பயலுகளுக்கு ஆவியத் தடுக்குற மாஸ்க்கும் வாங்கியாச்சு. நீ கன்னைத் தொட வேணாம். செட்டுக்கு வெளிய நின்னு வண்டிக்காரவுககிட்டப் பேசி, வேலைய வாங்கிக் குடு, போதும். அந்த மனுஷனப் போயிக் கூப்புட்டேன். வரமாட்டேன்னுட்டாக."

அன்றைக்கே உத்தமபாளையம் போனேன். மாமாவின் சொந்தப் பட்டறையைக் கண்டுபிடிக்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. ரோட்டோரம் நாலு கம்பு நட்டு மேலே ஒரு படுதா கட்டியிருந்தார், அவ்வளவுதான். ஒரு ஜீப் கதவை மடியில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார். நான் எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"ஏன் மாமா எங்கிட்டச் சொல்லல? போன்ல நான் பேசுன பேச்சுக்காச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

அவர் தட்டுவதை நிறுத்தவில்லை. "சொன்னா என்னா பண்ணியிருப்ப?"

"மொதலாளி கால்ல விழுந்தாச்சும் ஒங்களத் திரும்ப..."

"கால்ல விழுந்து என்னா சொல்லியிருப்ப? 'மாமாவச் சேத்துக்கங்க, நானே உள்ள போயி அடிச்சு முடிச்சுக் குடுக்குறேன்'னுருப்ப. எனக்காகக் கன்னைத் தூக்கியிருப்ப மாப்ள. ஒன்னய எனக்குத் தெரியாதா?"

அவர் சொன்னதுதான் நடந்திருக்கும். முதலாளி அவரை நிறுத்தினபோது என் உடம்பில் ரத்தமே ஊறாத நேரம். அவருக்கு வேலை போய்விட்டது என்று தெரிந்திருந்தால் ஆஸ்பத்திரியிலிருந்து எழுந்து வந்து அடித்திருப்பேன், அப்படியே போய்ச் சேர்ந்தும் இருப்பேன். நான் திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும் என்று அந்தப் படுதாவுக்குள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கவும் இல்லை.

"ஏலே, அழுகாத. ரோட்டுல போற வண்டிக்காரவுக பாக்குறாக" என்றார் மாமா. "கூலி கூடக் கேட்டு நான் அழுக விடுறேன்னு நெனச்சுக்கிருவாக."

நன்றி சொல்ல வாயெடுத்தேன். சுத்தியலை ஓங்கித் தட்டிச் சத்தத்தில் அதை அமுக்கிவிட்டார். அதற்குப் பிறகும் எத்தனையோ தடவை சொல்லப் பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு தகட்டை எடுத்துத் தட்ட ஆரம்பித்துவிடுவார். அதனால்தான் தம்பிகளே, அந்த நன்றியை உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.